துணி உலர்த்திய புல்வெளி

ஸ்காட்லாந்துக்குப் போவது என்று முடிவானபோதே, இரண்டு கடலோர மைதானங்களில் ஒன்றில்தான் ஆட முடியும் என்பதும் முடிவாகிவிட்டது. ஒரு காரணம் பணம். இரண்டிலுமே ஒருவர் ஒருமுறை ஆட 300 பவுண்டுக்கு மேல் ஆகும். இன்னொரு காரணம் அக்காவின் வலது முழங்கால். ஊர் திரும்பியதும் அறுவை சிகிச்சை என்று மருத்துவரிடம் நாள் குறித்துவிட்டுத்தான் விமான டிக்கெட்டே எடுத்தோம். அந்த மைதானங்களில் நம் ஊர் கிளப்புகளைப் போல வண்டியில் உட்கார்ந்து சுற்றிவர முடியாது. மருத்துவச் சான்று காட்டினால் அனுமதி கேட்டுப் பார்க்கலாம். அக்கா காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பதினெட்டு குழிக்கும் நடைதான். அந்த முழங்காலில் அப்படி ஒரு நடைதான் மிச்சம் இருந்தது.

மியூர்ஃபீல்டா, செயின்ட் ஆண்ட்ரூஸா? இரண்டு மாதம் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

கோல்ஃபா, அது பணக்கார ஆம்பளைகள் விளையாட்டு அல்லவா என்று இந்தப் பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். இப்போதும் அதில் பெரிய பொய் இல்லை. நாங்கள் ஆடும் மைதானத்தில் விடிகாலையில் அதிகம் தென்படும் பெண்கள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து கோரை பிடுங்குகிறவர்கள். பந்து அவர்கள் பக்கம் பறந்தால் ஆடுகிறவர் கத்துவார், அவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். மட்டை பிடிக்கும் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். நான் அங்கே போனது விளையாட்டு ஆசையால் அல்ல. எங்கள் அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் பேசி முடித்ததைத்தான் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எங்களுக்கு அறிவிப்பார்கள். யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு எந்த ஊர், எல்லாம் ஒன்பதாவது குழிக்குள் முடிந்திருக்கும். அதை எனக்குச் சொன்னவர் அக்கா.

"இங்க உக்காந்து கோப்பு பாத்துக்கிட்டே இருந்தா உனக்கு முதுகுவலிதான் வரும். அங்க போய் நில்லு. காதுல விழும்."

அக்கா என் உடன்பிறந்தவர் இல்லை. கணக்குப் பிரிவில் என்னைவிடப் பதினான்கு வருடம் மூத்தவர். அந்த நிறுவனத்தில் துறைத் தலைவரான முதல் பெண். அவர் கோல்ஃப் கற்றது அவருடைய கணவரால். அவர் கிளப் உறுப்பினர். அக்கா உறுப்பினரின் மனைவி. மனைவி ஆடலாம், சாப்பிடலாம், நூலகத்தில் புத்தகம் எடுக்கலாம், கணவர் கணக்கில் கையெழுத்துப் போடலாம். முப்பது வருடம் அப்படித்தான் ஆடினார். என்னையும் தன் விருந்தாளியாக அழைத்துப்போய்க் கற்றுக்கொடுத்தார். விருந்தாளியின் விருந்தாளி நான்.

அவர் கணவர் மாரடைப்பில் இறந்து ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். கிளப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரங்கல் ஒரு பத்தி. அடுத்த பத்தியில், உறுப்பினர் மறைந்துவிட்டபடியால் அவர் வழியாக வந்த வசதிகள் முடிவுக்கு வருகின்றன, வேண்டுமானால் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. அக்கா தன் பெயரில் முழு உறுப்பினராக விண்ணப்பித்தார். பதினான்கு மாதம் இழுத்தடித்துவிட்டு ஒரு அட்டை கொடுத்தார்கள். வகை: மறைந்த உறுப்பினரின் மனைவி. ஆடலாம். ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, யாரையும் உறுப்பினராகப் பரிந்துரைக்க முடியாது. மறுமணம் செய்துகொண்டால் அட்டை செல்லாது. அப்போது அவருக்கு 59 வயது. கடைசி வரியைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்து, "மாப்பிள்ளை பாக்கறதா இருந்தா முதல்ல ஹேண்டிகேப் என்னன்னு கேளுடி" என்றார். சிரித்தோம். அப்புறம் அவர் கழிப்பறைக்குப் போய் வர நேரமானது.

இந்தக் கதை தெரிந்தால்தான் மியூர்ஃபீல்டு மீது எனக்கு இருந்த கோபம் புரியும்.

மியூர்ஃபீல்டு, எடின்பரோவுக்குக் கிழக்கே, ஃபோர்த் கழிமுகக் கரையில் கல்லன் என்ற சிறிய ஊரை ஒட்டி இருக்கிறது. அதை நடத்துவது எடின்பரோ கோல்ஃபர்களின் ஒரு பழைய சங்கம். 1744இல் 13 விதிகளை எழுதிவைத்தவர்கள் இவர்கள். எழுத்தில் இருக்கும் கோல்ஃப் விதிகளில் மிகப் பழையவை அவைதான். 2016 மே மாதம் இந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்க்கலாமா என்று வாக்கெடுத்தது. 64 சதவீதம் பேர் சேர்க்கலாம் என்றார்கள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது சங்கத்தின் விதி. தீர்மானம் தோற்றது. எதிர்த்தவர்கள் சக உறுப்பினர்களுக்கு அனுப்பிய கடிதம் செய்தித்தாள்களில் வந்தது. ஆட்டத்தின் வேகம் குறையும், மதியச் சாப்பாட்டு ஏற்பாடு குலையும் என்பது அதில் இருந்த கவலைகளில் சில. நான் அதை இரண்டு முறை படித்தேன். மதியச் சாப்பாடு!

அன்றைக்கே, தி ஓப்பன் போட்டியை நடத்தும் ஆர் அண்ட் ஏ அமைப்பு, இனி அங்கே போட்டி நடத்தமாட்டோம் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் மறுபடி வாக்கெடுத்தார்கள். இப்போது 80 சதவீதம் ஆதரவு. மனம் மாறியதா, போட்டி போய்விடும் என்ற பயமா என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். 2019இல் முதல் 12 பெண்களை உறுப்பினராக அழைத்தார்கள். 1744க்கும் 2019க்கும் நடுவே 275 வருடம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்கு முன்பும் பெண்கள் அங்கே ஆடியிருக்கிறார்கள், வருகையாளராக, யாருடைய விருந்தினராகவோ. ஆடுவது தடை இல்லை. சேர்ந்து முடிவெடுப்பதுதான் தடை.

"அவங்களுக்கு நம்ம பணத்தக் குடுக்கணுமாக்கா?" என்று கேட்டேன். என் பக்கம் தெளிவாக இருந்தது: செயின்ட் ஆண்ட்ரூஸ். அது ஊருக்குப் பொதுவான நிலம், யார் வேண்டுமானாலும் நடக்கலாம், கோல்ஃபின் பிறந்த வீடு. அக்காவும் அதையேதான் சொல்வார் என்று நினைத்திருந்தேன்.

அவர் மியூர்ஃபீல்டு என்றார்.

2022 ஆகஸ்டில் மகளிர் ஓப்பன் முதன்முறையாக மியூர்ஃபீல்டில் நடந்தது. கடைசி நாள் ஆட்டத்தை அக்கா தனியாக உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார், நள்ளிரவு தாண்டி. தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி பூஹாய் அன்றைக்கு ஐந்து அடி முன்னிலையில் ஆரம்பித்தவர். பதினைந்தாவது குழியில் மூன்று அடி கூடுதலாக வாங்கி முன்னிலையை இழந்தார். தென்கொரியாவின் சுன் இன்-ஜியுடன் சமநிலை. பதினெட்டாவது குழியையே திரும்பத் திரும்ப ஆடினார்கள். நான்காவது முறை போகும்போது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பூஹாய் மணல் பள்ளத்திலிருந்து அடித்த பந்து குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது. வென்றுவிட்டார்.

"இருட்டிப் போச்சு, ஆனா யாரும் எழுந்து போகல. அந்த வீட்டுச் சன்னல்ல லைட் எரியுது. அந்தச் சன்னலுக்குப் பின்னாடிதானே இவளுங்க வேணாம்னு ஓட்டுப் போட்டாங்க? நான் அந்த மணல்ல ஒருதரம் நிக்கணும்" என்றார் அக்கா. "திறந்த கதவுல நுழையாம வெளியவே நின்னு திட்டிக்கிட்டிருந்தா, திறக்காம இருந்ததே நல்லதுன்னு அவன் நெனச்சுப்பான்."

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. நியாயமான பதில் இப்போதும் இல்லை.

என் பதிலைத் தேடித்தான் செயின்ட் ஆண்ட்ரூஸ் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்தால் என் பக்கமே ஆட்டம் கண்டது. ஓல்ட் கோர்ஸின் முதல் குழிக்குப் பின்னால், எல்லாப் படங்களிலும் வரும் அந்தச் சாம்பல் நிறக் கல் கட்டடம் ஆர் அண்ட் ஏ கிளப்பினுடையது. மியூர்ஃபீல்டைத் தண்டித்த ஆர் அண்ட் ஏ அமைப்பு பிரிந்து வந்தது அந்த கிளப்பிலிருந்துதான். பெண்களைச் சேர்க்க அந்த கிளப் வாக்களித்தது 2014 செப்டம்பரில். அதாவது மியூர்ஃபீல்டு தோற்ற வாக்கெடுப்புக்கு ஒன்றேமுக்கால் வருடம் முன்னால்தான். 1754இல் தொடங்கிய கிளப் அது. 2007இல் மகளிர் பிரிட்டிஷ் ஓப்பன் முதன்முறையாக ஓல்ட் கோர்ஸுக்கு வந்தபோது அந்தக் கட்டடத்தை வீராங்கனைகளுக்குத் திறந்துவிட்டது பெரிய செய்தியாக இருந்தது. உலகின் சிறந்த பெண்கள் உடை மாற்ற ஓர் அறை கிடைத்தது செய்தி! அந்த வாரம் கோப்பையை வென்றவர் மெக்சிகோவின் லொரெனா ஒச்சோவா.

இன்னும் பின்னால் போனால், 1867இல் அந்த ஊர்ப் பெண்களுக்கென்று ஒரு கிளப் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கொடுத்தது ஓல்ட் கோர்ஸுக்குப் பக்கத்தில் மேடும் பள்ளமுமாக ஒரு துண்டு நிலம். பந்தைக் குழிக்குள் தள்ளி மட்டும் ஆடலாம். பெண் தன் கையைத் தோளுக்கு மேல் தூக்கி மட்டையை வீசுவது அந்தக் காலத்தில் அடக்கம் இல்லாத செயல். அந்தத் துண்டு நிலம் இன்றும் இருக்கிறது, பெயர் ஹிமாலயாஸ். இன்றும் பெண்களின் கிளப் அங்கேதான் ஆடுகிறது. ஆனால் சில பவுண்டு கொடுத்தால் யாரும் ஆடலாம். 1897இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவையொட்டி ஜூபிலி என்று ஒரு புது மைதானம் போட்டார்கள். பெண்களுக்கும் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் என்று. பெண்களையும் கற்றுக்குட்டிகளையும் ஒரே வரியில் வைப்பது நமக்குப் பழகியதுதான்.

ஆக, பெண்களை வெளியே நிறுத்தியதில் இரண்டு ஊரும் ஒன்றுதான். அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

எனக்குக் கிடைத்த வித்தியாசம் நிலத்தில் இருந்தது. லிங்க்ஸ் என்பது கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல் மேட்டு நிலம். உழவுக்கு ஆகாது. புல் முளைக்கும், ஆடும் முயலும் மேயும். நம் ஊர்க் கணக்கில் புறம்போக்கு என்று வைத்துக்கொள்ளலாம். நம் கடற்கரைப் புறம்போக்கில் வலை காயும், கருவாடு காயும். செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸில் ஊர்க்காரர்கள் ஆடு மேய்க்கலாம், கோல்ஃப் ஆடலாம். 1552இலேயே பேராயரின் ஆவணம் ஒன்றில் இந்த உரிமை இருக்கிறது. பின்னால் நகராட்சி கடனில் மூழ்கி நிலம் தனியார் கைக்குப் போனது. முயல் வளர்ப்பவர்கள் வந்து மண்ணைக் குடைந்ததில் ஊருக்கும் அவர்களுக்கும் வருடக்கணக்கில் வழக்கு, அடிதடி. கடைசியில் 1894இல் நகரம் அதைச் சட்டப்படி திரும்ப வாங்கியது. இன்று நிலம் ஃபைஃப் மாவட்ட மன்றத்துடையது, 1974ஆம் வருடச் சட்டத்தின்படி ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. அந்தக் கல் கட்டடத்துக்காரர்கள் எவ்வளவு பெரிய மனிதர்களாக இருந்தாலும் வாசற்படிக்கு வெளியே இருக்கும் புல் அவர்களுடையது இல்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. ஊர் முழுக்க நாயையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அதன்மேல் நடக்கும்.

மியூர்ஃபீல்டு சங்கமும் பொது நிலத்தில்தான் ஆரம்பித்தது. முதலில் லீத். அங்கே கூட்டம் அதிகமானதும் 1836இல் மஸ்ஸல்பரோ. அங்கேயும் கூட்டம் சேர்ந்ததும், 1891இல் கல்லன் பக்கம் தங்களுக்கென்று தனி நிலத்துக்குப் போய்விட்டார்கள். யாருடைய கூட்டம் பிடிக்கவில்லை என்று யோசித்தால் ஊர்க்காரர்களுடையதுதான்.

படித்துக்கொண்டே போனபோது ஒரு விதி கண்ணில் பட்டது. அதைத்தான் நள்ளிரவில் அக்காவுக்குக் குரல் செய்தியாக அனுப்பினேன். செயின்ட் ஆண்ட்ரூஸில் 19ஆம் நூற்றாண்டில் இருந்த உள்ளூர் விதி: பந்து காய்கிற துணியின்மேல் விழுந்தால் பந்துக்கு அடியிலிருந்து துணியை உருவி எடுத்துக்கொள்ளலாம். துவைக்கும் தொட்டியிலிருந்து ஒரு மட்டை தூரத்துக்குள் விழுந்தால் தொட்டியை நகர்த்தலாம்.

கனவான்கள் எழுதிய விதிப் புத்தகம்தான். ஆனால் துணி துவைக்கும் பெண்களை அங்கிருந்து போகச் சொல்ல அவர்களால் முடியவில்லை. அது அந்தப் பெண்களின் நிலமும்கூட. அதனால் துணியையும் தொட்டியையும் விதிக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கள் மைதானத்தில் கோரை பிடுங்கும் பெண்கள் எந்த விதியிலும் இல்லை.

அக்கா காலையில் பதில் அனுப்பினார். "துணியத் தூக்கிட்டு ஆடுனானாமா? அப்புறம் மறுபடியும் விரிச்சு வெச்சானான்னு விதியில இருக்கா?"

இவ்வளவு சொல்லியும் அவர் மியூர்ஃபீல்டைவிட்டு இறங்கவில்லை. போகப் போக எனக்கே தோன்றியது, இது அவருடைய கால், அவருடைய கடைசிப் பதினெட்டு குழி. என் கொள்கையை அவர் முழங்கால்மேல் ஏன் ஏற்ற வேண்டும்? மியூர்ஃபீல்டில் வருகையாளர்களுக்கு வாரத்தில் செவ்வாயும் வியாழனும்தான். ஒரு வியாழக்கிழமைக்கு விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். மைதானமும் அழகுதான், அதை மறுக்க முடியாது. முதல் ஒன்பது குழி வெளிவட்டத்தில் கடிகாரம் சுற்றும் திசையில், அடுத்த ஒன்பது அதற்குள்ளே எதிர்த் திசையில். அதனால் காற்று ஒரே பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டே இருக்காது. நடுவில் சாப்பாட்டு அறையில் மதிய உணவு உண்டு, அதற்கு உடை ஒழுங்கும் உண்டு.

இரண்டு இடத்துக்குமே ஹேண்டிகேப் சான்று வேண்டும். அக்கா தன் கிளப்பிலிருந்து வாங்கி அனுப்பியிருந்தார். திறந்து பார்த்தேன். கிளப்பின் முத்திரை, அவர் ஹேண்டிகேப் எண், அதற்கு மேலே பெயர்: மறைந்த இன்னாரின் மனைவி திருமதி இன்னார். கணவரின் பெயர் முதலில், முழுதாக, பட்டத்தோடு. அக்காவின் பெயருக்கு முதலெழுத்து மட்டும்.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். "எல்லாம் நிரப்பிட்டேன்க்கா. நீங்க சரின்னு சொன்னா அனுப்பிடறேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நேரமெடுத்துப் படித்தார். காபி ஆறிவிட்டது.

"சாப்பாடும் அவங்களே போடறாங்களா?"

"ஆமாக்கா. நல்லா இருக்குமாம்."

"வேணாம்டி."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"முப்பது வருஷம் அந்த ஆளோட விருந்தாளி. அப்புறம் செத்துப்போன ஆளோட விருந்தாளி. இப்ப அங்க போயும் ஒரு நாள் விருந்தாளி. மேசையில ஒழுங்கா கரண்டி பிடிச்சுச் சாப்பிட்டு, தேங்க்யூ சொல்லிட்டு வரணும். வேணாம். அந்த மணலு அங்கயே இருக்கட்டும்."

"செயின்ட் ஆண்ட்ரூஸ்லயும் நாம வெளியாளுங்கதானேக்கா. காசு கட்டித்தான் ஆடணும்."

"காசு கட்டறது பரவால்ல. பஸ்ஸுக்கும்தான் கட்டறோம். பஸ்ஸுல யாரோட பொண்டாட்டின்னு கேக்கறதில்லையே."

இப்படித்தான் முடிவானது. நான் அவருக்காக மியூர்ஃபீல்டுக்கு மாறியிருந்தேன், அவர் அதற்குள் மனம் மாறிவிட்டார். என் வாதம் வென்றது என்று சொல்ல முடியாது. திறந்த கதவில் நுழைய வேண்டும் என்று அவர் முதலில் சொன்னது இன்னும் எனக்குள் கிடக்கிறது. அந்த 12 பெண்கள் நுழைந்திருக்காவிட்டால் அடுத்த 12 பேருக்கு யார் ஓட்டுப் போடுவது?

ஜூன் மாதம் போனோம். எடின்பரோவில் இறங்கிய மறுநாள் பேருந்து பிடித்து மஸ்ஸல்பரோ. அது என் திட்டம். குதிரைப் பந்தயத் திடலுக்கு நடுவே ஒன்பது குழி கொண்ட பழைய மைதானம் ஒன்று அங்கே இருக்கிறது, மியூர்ஃபீல்டு கனவான்கள் விட்டுவிட்டுப் போன அதே இடம். கட்டணம் குறைவு. கல்லன் போகும் வழியும் அந்தப் பக்கம்தான், அதை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மஸ்ஸல்பரோ பக்கத்து மீனவப் பெண்களைப் பற்றி அந்த ஊர்ப் பாதிரியார் அலெக்சாண்டர் கார்லைல் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிவைத்திருக்கிறார். ஐந்து மைல் தள்ளியிருந்த எடின்பரோ சந்தைக்கு மூன்று பேராகச் சேர்ந்து ஒரே மீன் கூடையை மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவார்களாம். ஆண்கள் செய்யும் வேலையைச் செய்வதால் குணமும் ஆண்களைப் போல ஆகிவிட்டது என்பது பாதிரியாரின் கணிப்பு. அதற்குச் சான்றாக அவர் சொல்வது, விடுமுறை நாளில் அவர்கள் கோல்ஃப் ஆடுகிறார்கள் என்பது. 1810 டிசம்பரில் உள்ளூர் கோல்ஃப் கிளப், புத்தாண்டு அன்று நன்றாக ஆடும் மீனவப் பெண்ணுக்கு ஒரு புது மீன் கூடையும் சால்வையும், கூடவே இரண்டு பார்சலோனா பட்டுக் கைக்குட்டையும் பரிசு என்று தீர்மானம் எழுதியது. பெண்களின் கோல்ஃப் போட்டி என்று ஏட்டில் இருக்கும் மிகப் பழைய செய்திகளில் ஒன்று இது. போட்டிக்கு முன்னால் எழுதிய குறிப்பு. அதனால் கூடை இருக்கிறது, கைக்குட்டை இருக்கிறது, பெண்ணின் பெயர் இல்லை.

அரை நூற்றாண்டுக்குப் பின் செயின்ட் ஆண்ட்ரூஸின் நல்ல குடும்பத்துப் பெண்களுக்குத் தோளுக்கு மேல் கை தூக்க அனுமதி இல்லை. மீன் கூடை சுமந்தவளுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? அவள் கையில் அவள் காசு இருந்தது. பந்து போட ஊர் நிலம் இருந்தது.

"பரிசுக்குக் கூடையா?" என்றார் அக்கா. "ஆடி ஜெயிச்சாலும் திங்கக்கெழம மீன் விக்கப் போகணும்னு ஞாபகப்படுத்தறான் பாரு." ஆனால் மூன்றாவது குழியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "நல்ல கூடையா இருந்தா நானும் ஆடியிருப்பேன்" என்றார்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓல்ட் கோர்ஸ் ஆடக் குலுக்கல் முறை உண்டு. இரண்டு நாள் முன்னதாகப் பெயர் கொடுக்க வேண்டும், சாயங்காலம் பட்டியல் வரும். செவ்வாய்க்கு இல்லை. புதனுக்கு இல்லை. வியாழனுக்கும் வெள்ளிக்கும் சனிக்கும் இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் தங்கும் விடுதியின் படிக்கட்டில் உட்கார்ந்து கைபேசியைப் பார்ப்போம். பட்டியலில் எங்கள் பெயரைத் தேடுவதில் எனக்கு எரிச்சல் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. "குலுக்கல்ல விழலன்னா விழல. எவனும் உக்காந்து வேணாம்னு கைதூக்கலையே" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜூபிலியில் ஆடினோம். பெண்களுக்கும் கற்றுக்குட்டிகளுக்கும் என்று போட்டார்களே, அதுதான். நடுவில் பலமுறை திருத்தி, நீட்டி, இன்று அந்த ஊர் மைதானங்களிலேயே கடினமானது என்று பெயர் வாங்கியிருக்கிறது. கடலுக்கு மிக அருகில் இருப்பதும் அதுதான். காற்று என் மட்டையைப் பிடுங்கியது. முள் புதரில் நான் ஆறு பந்துகளை விட்டேன். அக்கா பன்னிரண்டாவது குழிக்குப் பின் பேச்சை நிறுத்திவிட்டார். பதினைந்தாவதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். போதும்க்கா என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். பதினெட்டாவதில் பந்து குழிக்குள் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை, காற்று அப்படி. அவர் குனிந்து எடுக்க முடியாமல் நின்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். மொத்தம் 121 அடி. அட்டையில் தன் பெயரை முழுதாக எழுதினார். முதலெழுத்துக்கூடப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் இல்லை. கம்பிவேலி எதுவும் தாண்டாமல் தெருவிலிருந்து அப்படியே புல்லில் இறங்கினோம். ஒரு குடும்பம் குழந்தைவண்டியைத் தள்ளிக்கொண்டு போனது. இரட்டைக் கிரீன்கள் எவ்வளவு பெரியவை என்பது மேலே நின்றால்தான் தெரிகிறது. போகும்போது ஒரு குழி, வரும்போது ஒரு குழி, இரண்டும் ஒரே பரப்பில், இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் பதினெட்டு. இரண்டாவதும் பதினாறாவதும், ஐந்தாவதும் பதின்மூன்றாவதும். கணக்குப் பிரிவில் இருந்த இருவரும் இதை விரல்விட்டுச் சரிபார்த்தோம்.

ஸ்வில்கன் ஓடைக்கு வந்ததும் அக்காவால் நடக்க முடியவில்லை. கல் பாலத்தில் சீனர்கள் சிலர் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அங்கே போகவில்லை. ஓடைக்கரையில் என் மழைக்கோட்டை விரித்து உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். காலுறை இரண்டும் நனைந்து ஊறியிருந்தன. பிழிந்தார். இப்படியும் அப்படியும் பார்த்தார். பக்கத்தில் புல் ஈரம்தான், ஆனாலும் ஒவ்வொன்றாக நீவிவிட்டு விரித்துவைத்தார்.

"காயாதுக்கா" என்றேன்.

"காயாட்டிப் போவுது. கொஞ்ச நேரம் கிடக்கட்டும்."

கால்களை நீட்டி உட்கார்ந்தோம். ஒரு பழுப்பு நாய் ஓடிவந்து காலுறையை முகர்ந்து பார்த்தது. அதன் பின்னால் வந்த கிழவி அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே, காலுறைகளை மிதிக்காமல் சுற்றிப் போனாள்.